அவசரம் இல்லாத சைக்கிள்

67-வது வயதில் சைக்கிள் வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். எல்லாரும் கவலைப்பட்டார்கள். சிரிக்கிறவர்களை நாமும் கூடச் சிரித்துச் சமாளித்துவிடலாம். கவலைப்படுகிறவர்களை என்ன செய்வது?

யோசனை என்னுடையதல்ல, டாக்டருடையது. இடது இடுப்பு மூட்டில் தேய்மானம் என்று படம் எடுத்துக் காட்டினார். எனக்கு அந்தப் படத்தில் மேகமும் நிலவும்தான் தெரிந்தன. "நடையைக் கொஞ்சம் குறைத்துக் கொள்ளுங்கள். சைக்கிள் பழக்கம் உண்டா? உண்டானால் அதை ஓட்டுங்கள். உடம்பின் பாரத்தை ஸீட் தாங்கிக் கொள்ளும். மூட்டு அசையும், ஆனால் சுமக்காது. வேகம் மட்டும் வேண்டாம், நிதானமாக ஓட்டுங்கள்" என்றார்.

இதுவரை எனக்கு வைத்தியர்கள் எழுதிக் கொடுத்த மருந்துகள் எத்தனையோ. 'நிதானமாக' என்ற இந்த ஒன்றைப் போல் இனிப்பானது வேறில்லை.

நான் 30 வருஷம் பாங்கில் குப்பை கொட்டியவன். கதை எழுதுவது சாயங்கால வேலை, பகலெல்லாம் கணக்கு. ஆகையால் எதை வாங்குவதானாலும் முதலில் ஒரு காகிதத்தை எடுத்து எழுதிப் பார்ப்பது வழக்கம். 'எங்கே போக வேண்டும்?' என்று தலைப்புப் போட்டேன். காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி இரண்டு சுற்று. பால், காப்பிப் பொடி, காய்கறி. நூல் நிலையம். தபாலாபீஸ், பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்ப இப்போது தபாலாபீஸ் வேண்டியதில்லை என்றாலும், போய்ப் பழகிவிட்டது. வாரத்தில் ஒரு நாள் தாராசுரம் வரை, சுமார் 4 கிலோமீட்டர். ஐராவதேசுவரர் கோயில் முன் மண்டபத்தில் கல்லிலே செதுக்கிய தேர்ச் சக்கரத்தைப் பார்த்துக் கொண்டு சற்றுநேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவது. எண்ணூறு வருஷத்துக்கு மேலாக ஓர் அங்குலம்கூட நகராத அந்தச் சக்கரத்தைவிட நிதானமான வாகனம் உலகத்தில் கிடையாது.

பட்டியலைப் படித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் தெளிவாயிற்று. இதில் ஓர் இடத்துக்குக்கூட நான் சீக்கிரமாகப் போய்ச் சேர வேண்டிய அவசியம் இல்லை.

இந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கடைத் தெருவில் ஒரு பெரிய சைக்கிள் கடைக்குப் போனேன். விற்பனைக்கு நின்ற பிள்ளைக்கு இருபது வயது இருக்கும், நல்ல பிள்ளை.

"எத்தனை கியர் சார் வேணும்?" என்று கேட்டான்.

"கியர் வேணுமா வேணாமான்னே இன்னும் தீர்மானம் பண்ணலை, தம்பி."

அவன் அதைக் காதில் வாங்காமல் 21 கியர் வைத்த வண்டி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினான். எங்கள் ஊரில் மேடு என்று ஏதாவது உண்டென்றால் அது காவேரிப் பாலத்து ஏற்றம்தான். அதற்கு 21 கியர் வாங்குவது, மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை. இருந்தாலும் ஏறிப் பார்த்தேன். ஹேண்டில் தாழ்ந்திருந்தது. உடம்பை முன்னால் சாய்த்து, ஊருக்கெல்லாம் கும்பிடு போடுகிறவனைப் போல் ஒரு தெருவைச் சுற்றி வந்தேன். வழியில் எதிர்ப்பட்ட சிநேகிதரின் செருப்புத்தான் என் கண்ணில் பட்டது; முகம் படவில்லை. திரும்பி வந்து இறங்கினபோது இரண்டு உள்ளங்கையும் மரத்துப் போயிருந்தன.

"மட்கார்டு?" என்றேன்.

"தனியா போட்டுக்கலாம் சார்."

"கேரியர்?"

"இந்த மாடலுக்குச் சரியா உட்காராது சார்."

"செயின் கவர்?"

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். நான் வேஷ்டி கட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தான் போலும்.

வண்டியின் மீது தப்பில்லை. மலைச் சரிவிலும் காட்டுப் பாதையிலும் விரைந்து போகிறவனுக்கு அது உற்ற தோழன். ஆள்தான் தப்பு. சைக்கிளில் ஏறினவனுடைய பாரம் மூன்று இடத்தில் இறங்குகிறது: ஸீட், ஹேண்டில், பெடல். பந்தயத்தில் போகிறவன் காற்றைக் கிழிப்பதற்காகக் குனிகிறான். அவன் பாரத்தைக் கையும் காலும் பங்கு போட்டுக் கொள்கின்றன. அவனுக்கு ஒல்லியான ஸீட் போதும். அகலமாக இருந்தால் தொடையில் உராயும். நிமிர்ந்து உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடம் "சௌக்கியமா?" என்று விசாரித்துக் கொண்டு போகிறவனுக்கு முக்கால்வாசிப் பாரமும் ஸீட்டில்தான். அவனுக்கு அகலமான, அடியில் சுருள் வில் வைத்த ஸீட் வேண்டும். அப்படியானால் ஸீட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் நாம் எப்படி உட்காரப் போகிறோம் என்பதைத் தீர்மானித்தாக வேண்டும். வாழ்க்கையில் பல ஸீட்டுகளுக்கும் இது பொருந்தும். நம்மில் பலர் ஸீட்டைப் பிடித்துவிட்டு அப்புறந்தான் உட்காரத் தெரியாமல் விழிக்கிறோம்.

அன்று இரவு பெங்களூரிலிருந்து மகள் டெலிபோனில் பேசினாள். "அப்பா, அலுமினியத்திலே வாங்குங்கோ. லேசா இருக்கும். ஒரு கையால தூக்கிண்டு மாடிக்குப் போயிடலாம்."

"நான் எதுக்கும்மா அதைத் தூக்கிண்டு மாடிக்குப் போகணும்? அது என்னைத் தூக்கிண்டு போறதுக்குத்தானே வாங்கறேன்!"

அவள் சிரித்தாள். இந்த விவகாரத்தில் கேட்ட முதல் சிரிப்பு அது.

சைக்கிள் என்று நினைத்தாலே எனக்கு அப்பாவின் சைக்கிள்தான் ஞாபகம் வரும். 1962-ல், எனக்கு ஐந்து வயதாயிருக்கும்போது வாங்கினார். கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்த அவருக்கு அது இரண்டு மாதச் சம்பளம். கன்னங்கரேல் என்று, யானைக் குட்டி மாதிரி வாசலில் நிற்கும். 28 அங்குலச் சக்கரம். முன்னால் 32 கம்பி, பின்னால் 40 கம்பி. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அவற்றை ஒவ்வொன்றாகத் துடைப்பார். எண்ணுவது என் வேலை. எழுபத்திரண்டு வரை எண்ண நான் கற்றுக் கொண்டது பள்ளிக்கூடத்தில் அல்ல.

அந்த வண்டியின் பாரில் ஒரு துண்டை நாலாக மடித்துக் கயிற்றால் கட்டியிருப்பார். அதுதான் என் சிம்மாசனம். மூச்சு அவருடையது, மிதி அவருடையது. பெல் மட்டும் என்னுடையது. பின்னால் கொஞ்சம் வளர்ந்ததும் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் அடித்து, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, ஒரு நாள் பாருக்கு மேலே காலைத் தூக்கிப் போட்டு ஏறினேன். அன்று நான் பெரிய மனுஷன் ஆகிவிட்டதாக நினைத்துக் கொண்டேன். எங்கள் தலைமுறையில் பல பேருக்கு அப்படித்தான். மீசை அப்புறந்தான் வந்தது.

இன்று நாம் காணும் சைக்கிளின் வம்சம் 1885-ல் தொடங்குகிறது. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர், இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே உயரமாக, பின் சக்கரத்தைச் சங்கிலியால் ஓட்டும் வண்டியைச் செய்தார். அதற்குமுன் ஆளுயர முன்சக்கரத்தின் உச்சியில் உட்கார்ந்து போவார்கள். விழுந்தால் தலைகீழாகத்தான் விழ வேண்டும். 1888-ல் பெல்பாஸ்டில் இருந்த டன்லப் என்ற மாட்டு வைத்தியர், தம் பிள்ளையின் மூன்று சக்கர வண்டி குலுங்குகிறதே என்று காற்றடைத்த டயரைக் கண்டுபிடித்தார். பிள்ளை மேல் வைத்த பாசம் இன்றுவரை உலகத்தின் இடுப்பைக் காப்பாற்றி வருகிறது. அப்புறம் நாட்டிங்ஹாமில் ராலே, பர்மிங்ஹாமில் ஹெர்க்குலிஸ் என்று கப்பலேறி வந்தன. சுதந்திரத்துக்குப் பின் நாமே செய்ய ஆரம்பித்தோம். அம்பத்தூரில் 1951-ல் ஹெர்க்குலிஸ் வண்டி உருவாயிற்று. அதே வருஷத்தில் வடக்கே சோனிபட்டில் அட்லஸ், 1956-ல் லூதியானாவில் ஹீரோ. தபால்காரரும் பால்காரரும் பள்ளிக்கூட வாத்தியாரும் ஏறின சைக்கிள் எல்லாம் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தாம்.

அந்த வண்டி ஏன் அவ்வளவு சுகமாயிருந்தது என்பதை எனக்கு விளக்கியவர் ஒரு பாய். எங்கள் தெருக்கோடியில் பூவரச மரத்தடியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஒரு காலத்தில் அவர் கடையில் 40 வாடகைச் சைக்கிள்கள் நின்றன. மணிக்கணக்கில் எடுத்துப் போவோம். இப்போது ஒரு காற்றுப் பம்பும், தண்ணீர்த் தொட்டியும், கட்டித் தொங்கவிட்ட பழைய டயர்களும்தான். என் காகிதத்தை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"இந்த லிஸ்டை மொதல்லயே எங்கிட்ட கொண்டாந்திருக்கணும் சார்" என்றார்.

பிறகு பழைய வண்டி ஒன்றை நிறுத்திப் பாடம் நடத்தினார். "இந்த போர்க்கைப் பாருங்க. நேரா இறங்காம முன்னால வளைஞ்சு போகுது. பள்ளத்துல விழுந்தா அது கொஞ்சம் நெளிஞ்சு குடுக்கும். ஸீட்டுக் குழாயும் படுத்தாப்பல இருக்கு. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல தூரம் ஜாஸ்தி. அதனால வண்டி ரோட்டைப் பார்த்துத் தானே நேராப் போகும். நீங்க பராக்குப் பார்க்கலாம். டயர் பட்டையா இருக்கா? அதுல காத்தைக் கல்லாட்டம் அடிக்கப்படாது. கட்டைவிரலால அமுக்கினா துளி அமுங்கணும்."

"என் மகள் அலுமினியம் வாங்கச் சொல்றா, பாய்."

"நல்ல சாமான்தான் சார். லேசு, துருவும் பிடிக்காது. ஆனா பிரேம் விட்டுப் போச்சுன்னா நான் ஒட்ட முடியாது. இரும்புன்னா எந்தக் கிராமத்திலயும் வெல்டிங் பட்டறை இருக்கு. வளைஞ்சா நிமிர்த்தலாம். ஒடையறதுக்கு முன்னாடி பெரும்பாலும் கீச்சுக் கீச்சுன்னு சொல்லிட்டுத்தான் ஒடையும். அதே நேரத்துல, ரிம்மை மட்டும் அலுமினியத்துல போட்டுக்குங்க. பழைய உருக்கு ரிம்முல மழை பெஞ்சா பிரேக் பிடிக்கிறது அல்லா விட்ட வழி."

இரும்புக்காக வாதாடுகிறவர் என்று நினைத்தேன். அவரோ எது எங்கே தகுமோ அதை அங்கே வைக்கிறவராக இருந்தார். தொழில் தெரிந்தவர்களின் லட்சணம் அதுதான். கட்சி கட்டுவதெல்லாம் நம்மைப் போல் வெளியில் நிற்கிறவர்கள்.

இவ்வளவும் பேசி, ஒரு நல்ல 22 அங்குலப் பிரேம் வைத்த கறுப்பு வண்டியைக் கடனாக ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். அப்பாவின் வண்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். ஆசையோடு இடது காலைப் பெடலில் வைத்து, இரண்டு தட்டுத் தட்டி, வலது காலைத் தூக்கிப் பின்னால் வீசினேன்.

வலது கால் எழும்பிற்று. ஆனால் அதைத் தாங்க வேண்டிய இடது இடுப்பு, "மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டது. வீசின கால் கேரியரில் இடித்தது. வண்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகச் சாய்ந்தோம். முழங்கையில் சிராய்ப்பு. பெரிதாக ஒன்றுமில்லை. எதிர்வீட்டுத் திண்ணையில் இரண்டு பள்ளிக்கூடப் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சிரிக்காமல் ஓடிவந்து தூக்கினார்கள். அதுதான் பொறுக்கவில்லை. "தாத்தா, பார்த்து" என்றான் ஒருவன். நாற்பது வயதில் விழுந்தால் சிரிப்பார்கள்; அறுபத்தேழில் விழுந்தால் தூக்குகிறார்கள்.

பாய் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் கொடுத்தார். பிறகு கடைக்குள்ளே பரணைக் காட்டினார். அங்கே தூசியும் ஒட்டடையுமாக ஒரு பிரேம் தொங்கிற்று. கழுத்திலிருந்து ஸீட் வரை போகும் பார் இல்லை; அதற்குப் பதிலாக இரண்டு குழாய்கள் சரிந்து கீழே பெடல் பக்கம் இறங்கின.

"இது கெட்டியான பழைய லேடீஸ் பிரேம் சார். இதை வச்சு உங்களுக்கு ஒரு வண்டி கட்டித் தரேன். காலைத் தூக்கவே வேணாம். வாசப்படி தாண்டற மாதிரி தாண்டி உட்கார்ந்துக்கலாம்."

"லேடீஸ் சைக்கிளா? எனக்கா?" என்றேன்.

"பார் வச்ச சைக்கிள் ஒருத்தருக்கு சார். பார் இல்லாத சைக்கிள் வீட்டுக்கு" என்றார் அவர்.

வாசகர்களிடம் உண்மையை ஒளிப்பானேன்? எனக்குக் கோபம் வந்தது. இடுப்பு வலியைவிட அது அதிகமாக வலித்தது. நான் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். நடக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன அதே நடை.

இரவு சாப்பாட்டின்போது முழங்கைக் காயத்தைப் பார்த்து மனைவி விசாரித்தாள். நடந்ததைச் சொன்னேன். பாயின் யோசனையையும் சொல்லி, "லேடீஸ் சைக்கிளாம்! இந்த வயசிலே ஊர் சிரிக்கணும்னு பார்க்கறார்" என்று நானே சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. சாதத்தில் மோரை விட்டுக்கொண்டே, "ஊர் சிரிச்சா என்ன ஆயிடும்?" என்று கேட்டாள்.

நான் பேசவில்லை.

"கீரனூர்ல என்னைப் பார்த்து ஊர் சிரிச்சுது. நீங்ககூட எழுதினேளே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உப்புக் குறைவு என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டு, மோர்ப் பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எழுதினேன்; வாஸ்தவம். 1990-லிருந்து 1994 வரை அவள் புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரனூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். நான் கும்பகோணத்தில் பாங்கில். மகளுக்கு நாலு வயது, அம்மாவோடு இருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் நான் பஸ் ஏறிப் போய், திங்கட்கிழமை விடியற்காலையில் திரும்புவேன். அந்தச் சமயத்தில்தான் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்துச் சொல்லிக் கொடுப்பதோடு பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லிக் கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்று ஊக்கம் கொடுத்தார். வயல் வேலை செய்கிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், டீச்சர்கள் என்று பல்லாயிரம் பெண்கள் கற்றுக் கொண்டார்கள். 1992 மார்ச்சில் மகளிர் தினத்தன்று 1500-க்கு மேற்பட்ட பெண்கள் ஹேண்டிலில் கொடி கட்டிக்கொண்டு, பெல் அடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். அதில் என் மனைவியும் ஒருத்தி.

கடைகளில் லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போய்விட்டது. அந்தப் பெண்கள் காத்திருக்கவில்லை. ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். பார் இருந்தால் அதில் குழந்தையை உட்கார வைத்துக் கொள்ளலாம், அதுவே சௌகரியம் என்றார்கள். என் மனைவியும் பழைய வண்டி ஒன்றை வாங்கினாள். மைல்கல்லின் மேல் ஒரு காலை வைத்து, புடவையைச் செருகிக்கொண்டு ஏறுவாளாம். எனக்கு இதைச் சொன்னவர் அவள் அல்ல. அந்தப் பக்கம் போய்வந்த எங்கள் ஆபீஸ் சிநேகிதர் ஒருவர். ஆபீஸில் நாலு பேர் முன்னிலையில், சிரித்துக்கொண்டே சொன்னார்.

அன்று சாயங்காலமே இன்லண்ட் லெட்டர் எழுதினேன். டீச்சர் வேலையில் இருக்கிறவள் நாலு பேர் பார்க்க ஆண்பிள்ளைச் சைக்கிளில் ஏறிப் போவது நன்றாயில்லை என்றும், கௌரவம் என்று ஒன்று இருக்கிறது என்றும், குழந்தையைக் கீழே போட்டுவிட்டால் யார் பதில் சொல்வது என்றும் எழுதினேன். பெண் விடுதலையைப் பற்றி அதற்கு முந்தின வருஷந்தான் ஒரு நாவல் எழுதிப் பாராட்டு வாங்கியிருந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நியாயம்.

நாலாம் நாள் பதில் வந்தது. நாலே வரி. "உங்கள் கடிதம் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை ராத்திரி குழந்தைக்கு ஜுரம் அதிகமாகிவிட்டது. பஸ் இல்லை. சைக்கிளில் வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இப்போது தேவலை."

அதற்குப் பிறகு நானும் எழுதவில்லை, அவளும் பேசவில்லை. 1994-ல் மாற்றலாகிக் கும்பகோணம் வந்தபோது, சைக்கிளை அங்கே பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற அம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்தாள். "ஏன் கொண்டு வரலை?" என்று நான் கேட்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். இங்கே என் தாயார் இருந்தாள், தெரு இருந்தது, நான் இருந்தேன். முப்பது வருஷம் அவள் பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் கோயிலுக்கும் நடந்தாள். இல்லாவிட்டால் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தாள்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. குழந்தைக்கு ஜுரம் வந்த ராத்திரியில் ஊர் சிரிக்குமே என்று அவள் ஒரு நிமிஷம் தயங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவள் ஆண்பிள்ளைச் சைக்கிளில் ஏறினதற்குக் காரணம் இருந்தது. நான் பெண்பிள்ளைச் சைக்கிளில் ஏறத் தயங்குவதற்குத்தான் காரணம் இல்லை. ஓர் இரும்புச் சட்டத்தில் இரண்டடி நீளக் குழாய் ஒன்று இருக்கிறதா இல்லையா என்பதில் என் கௌரவம் அத்தனையும் தொங்கிக் கொண்டிருந்திருக்கிறது!

மறுநாள் காலையில் பாயிடம் போய், "கட்டுங்கோ பாய்" என்றேன்.

கட்டி முடிக்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. தினமும் போய் முக்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். பிரேமைச் சுரண்டி, கோட்டம் பார்த்து, பச்சை எனாமல் அடித்தார். பார் இல்லாத பிரேமுக்குக் கொஞ்சம் ஆட்டம் உண்டு. பார் வைத்ததில் குழாய்கள் இரண்டு முக்கோணமாக ஒன்றையொன்று தாங்குகின்றன, இதில் அந்தப் பிடிப்புக் குறைவு. "அதனாலதான் இதுக்குக் கனமான இரும்பு வேணும். கேரியர்ல மூட்டை ஏத்திட்டு எழுந்து நின்னு மிதிச்சா நெளியும். உங்க லிஸ்டுல மூட்டை இல்லியே" என்றார். 26 அங்குலச் சக்கரம், அலுமினிய ரிம், அதற்கேற்ற ஒயர் பிரேக். பழைய கம்பிப் பிரேக்குக்கான ரிம் வேறு ஜாதி. இரண்டையும் கலக்கக் கூடாதாம். பால்ரஸ் குண்டுகள் புதிது. கிரீஸைத் தாராளமாகப் பூசினார்.

பல்சக்கரத்தில்தான் கொஞ்சம் கணக்குப் போட்டோம். அப்பாவின் வண்டியில் முன்னால் 44 பல், பின்னால் 18. ஒரு சுற்று மிதித்தால் வண்டி ஏறக்குறைய 5½ மீட்டர் ஓடும். என் வண்டிக்குப் பின்னால் 20 பல் வைத்தார். சக்கரமும் சிறியது, ஒரு சுற்றுக்கு 4½ மீட்டர் சொச்சம். மெதுவாகத்தான் போகும், ஆனால் பாலத்து ஏற்றத்தில் மூச்சு வாங்காது. ஹேண்டில் என் பக்கம் வளைந்து வந்து, ஸீட்டைவிட நாலு விரற்கடை உயரத்தில் நின்றது. சுருள் வில் வைத்த அகலமான ஸீட். முழு மட்கார்டு, வேஷ்டி சிக்காத முழுச் செயின் கவர், கேரியர், முன்னால் கூடை, இரட்டைக் கால் ஸ்டாண்டு, டைனமோவுக்குப் பதில் பாட்டரி விளக்கு. பெல்லை மட்டும் நானே தேடி வாங்கினேன். கட்டை விரலால் தள்ளினால் கிணுகிணு என்று இரண்டு வீடு கேட்கிற பெல்.

இதற்கிடையில் மகளுக்கு விஷயம் எட்டியது. "ஹாலந்திலே ஆம்பளைகளும் இதைத்தான் ஓட்டறா அப்பா. அதுக்குப் பேரே பாட்டி சைக்கிள்னு அர்த்தம். ஓமாஃபீட்ஸ்" என்று தைரியம் சொன்னாள். ஜனங்களைவிடச் சைக்கிள்கள் அதிகம் உள்ள தேசம் அது. அவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்க வேண்டும். பிறகு சற்று நிதானித்து, "எனக்கு அம்மாவோட சைக்கிள் ஞாபகம் இருக்குப்பா. பார்ல ஒரு துண்டு கட்டியிருப்பா. ராத்திரியிலே அதிலே உட்கார்ந்து எங்கேயோ போனோம். அம்மா பாடிண்டே வந்தா" என்றாள்.

அவள் பாடினாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

வண்டி தயாரான அன்று சாயங்காலம், தெருக்கோடியிலிருந்து வீடுவரை ஓட்டி வந்தேன். வாசற்படி தாண்டுவதுபோலக் காலை எடுத்து வைத்தேன், உட்கார்ந்தேன், மிதித்தேன். இடுப்பு ஒரு வார்த்தை பேசவில்லை. சக்கரம் அரைக் கிண்ணம் தயிர்போல அலுங்காமல் சுற்றிற்று. எதிர்வீட்டுத் திண்ணைப் பையன்கள் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். எனக்குப் பரம சந்தோஷம்.

மனைவி வாசலில் கோலமாவுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். "யாருக்கு?" என்றாள்.

எத்தனையோ கதைகளில் எத்தனையோ பேருக்கு வசனம் எழுதியிருக்கிறேன். அந்த நேரத்தில் ஒன்றும் வரவில்லை. "அன்னிக்கு நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது" என்றேன். எந்தக் கடிதம், எந்த அன்று என்று அவள் கேட்கவில்லை. பெல்லை ஒரு தரம் அடித்துப் பார்த்தாள். "நன்னா கேக்கறது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கிணுகிணு என்று சத்தம் கேட்டு விழித்தேன். வாசலுக்கு வந்தேன். தெருவிளக்கு இன்னும் அணையவில்லை. தெருவின் கோடியிலிருந்து பச்சைச் சைக்கிள் வந்து கொண்டிருந்தது. 63 வயது, முப்பது வருஷ இடைவெளி, ஹேண்டில் கொஞ்சம் இப்படியும் அப்படியும் போயிற்று. பிறகு நேராயிற்று. பிரேக் பிடித்து, என் எதிரில் வந்து காலை ஊன்றி நின்றாள். மூச்சு வாங்கிற்று. முகத்தைப் பார்த்தேன். 1992-ல் நான் பார்க்கத் தவறின முகம் அது என்று தோன்றிற்று.

"ஸீட்டு ஓர் அங்குலம் உசரம். இறக்கணும்" என்றாள்.

ஆகையால் சைக்கிள் வாங்க உத்தேசித்திருக்கும் வாசகர்களுக்கு என் யோசனை இது. போகிற இடங்களை முதலில் எழுதிப் பாருங்கள். நிமிர்ந்து உட்காருங்கள். பட்டையான டயர், முழு மட்கார்டு, பக்கத்தில் பழுது பார்க்கத் தெரிந்தவர். இவை மூன்றும் இருந்தால் கியரைப் பற்றிக் கவலை வேண்டாம். ஸீட் உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் முழங்கால் நேராக வேண்டும். அப்போது மிதிக்கையில் லேசான மடிப்பு இருக்கும், மூட்டுக்கு நல்லது.

எங்கள் வண்டியில் மட்டும் இந்தக் கணக்குச் சரியாக வராது. பாய் ஸ்பானரை எடுத்து இரண்டு பேரையும் மாறி மாறி உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, நடுவில் ஓர் இடத்தில் முடுக்கிவிட்டார். எனக்கு அரை அங்குலம் தாழ்வு. அவளுக்கு அரை அங்குலம் உயர்வு. காலையில் அவள் மகாமகக் குளத்துக்கு ஓட்டிப் போகிறாள். அவள் திரும்பி வரும்வரை நான் திண்ணையில் காத்திருந்து, பிறகு பாலுக்குப் போகிறேன். சில நாள் அவள் வர நேரமாகிவிடுகிறது. எனக்கு அவசரமில்லை.